அசையாத மனிசன்

தோக்கியோவில் மகள் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து என் கணவரைப் பிடிக்க முடியவில்லை. இன்று பரிஸ் லா சப்பல் பகுதித் தேநீர்க்கடையிலும் தொடங்கிவிட்டார்.

"அங்கை நிலத்துக்குக் கீழை பெரிய வெடிப்பு ஓடுது, அண்ணை! நிலம் நடுங்கி வீடே ஆடிச்சு. மகள் மேசைக்குக் கீழை பாய்ஞ்சிட்டாள். நான் அசையேல்லை!"

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்பிடி அசைவார்? மெத்ரோ ரயில் போனால் ஆடுற எங்கட பரிஸ் வீட்டிலை இருக்கிற நினைப்பு. 'மெத்ரோதான் போகுது, சாப்பிடு பிள்ளை' எண்டவர்."

கடையே சிரித்தது. "எனக்கென்ன பயமோ?" என்று எகிறினார் அவர்.

அந்த நேரம் பார்த்து வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ போனது. கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். "வெளியாலை வாங்கோ. மெத்ரோதான் போகுது."