ஃபெர்மினின் வலது பாதி

ஃபெர்மின் பர்ராகானின் இடது பாதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடு திரும்பியது. வலது பாதி சிறையிலேயே இருந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் முப்பது வருடம் உழைத்தவர், குடியேற்றக் காகிதம் மட்டும் கிடையாது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று பிடித்திருந்தார்கள். சிறை அதிகாரி ஹாலிஸின் மேசைக்கு ஒரே நேரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. நாங்கள் வந்து கொண்டுபோகும்வரை பிடித்து வை என்றது மத்திய அரசு. ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக வைக்காதே என்றது மாநிலச் சட்டம். ஹாலிஸ் சட்டத்தை மதிப்பவர், பாவம், இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. சட்டையைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது, அதற்கும் ரசீது கொடுத்தார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. ஃபெர்மினுக்கோ பக்கத்துக்கு ஓர் அரசு. இதயம் வெளியே போய்விட்டதால் தனக்குப் பங்கு குறைவு என்று மத்திய அரசு வழக்குப் போட்டது. கல்லீரல் உங்களிடம்தானே இருக்கிறது என்றது மாநிலம். தீர்ப்பு வரும்வரை எந்தப் பாதியும் ஊரைவிட்டு நகரக் கூடாது என்று நீதிபதி தடை விதித்தார்.

இதற்கிடையில் மகள் யாரெலிக்குப் பதினைந்து நிறைந்தது. அவர்கள் வழக்கப்படி பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் அப்பா மண்டியிட்டு, மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றிக் குதிகால் செருப்பை மாட்டிவிட்டால்தான் அவள் பெரியவள். இடது பாதி ஒற்றை முழங்காலில் இறங்கி இடது செருப்பை மாட்டியது. வலது செருப்பின் பக்கம் அது கையைக் கொண்டுபோகவில்லை.

"ஊரே பாக்குது, காலைக் காட்டுடி, நான் மாட்டிவிடறேன்" என்றாள் அம்மா ஓதிலியா.

"அது அப்பாவோட அந்தக் கை செய்ய வேண்டிய வேலைம்மா."

"அதுவரைக்கும் நொண்டிட்டே திரிவியா?"

"ரெண்டு கவர்மெண்டும் நொண்டுதே, நான் நொண்டினா என்ன?"

ஒற்றைக் குதிகாலோடுதான் ஆடினாள், அன்றிலிருந்து நடப்பதும் அப்படித்தான். ஒன்பது வருடம் கழித்து, இரண்டு அரசுகளும் சொல்வது சரியே, ஆகவே உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வட்டாரத்துக் கடைகளில் இப்போது ஒற்றைச் செருப்பும் கிடைக்கிறது. யாரெலி நர்ஸாகிவிட்டாள், இடுப்பு வலியோடு.

வலது செருப்பைச் சிறைக்குள் விட ஹாலிஸுக்குத் தடையில்லை. இரண்டு சட்டத்திலும் செருப்பைப் பற்றிப் பேச்சில்லை. ஞாயிறுதோறும் யாரெலி கண்ணாடித் தடுப்பின் மேல் வலது பாதத்தை வைப்பாள். அந்தப் பக்கமிருந்து வலது கை செருப்பை அதற்கு நேராகப் பிடிக்கும்.

"அளவு சரியா இருக்கா கண்ணு?"

செருப்பு சின்னதாகி எட்டு வருடமாகிறது.

"சரியா இருக்குப்பா" என்பாள். வெளியே காரில் காத்திருக்கும் இடது பாதியிடமும் அதையே சொல்வாள். அது இறங்கிப் போய்ப் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரும். அவள் வண்டியை எடுப்பாள்.