முருகனுக்கு முடிந்த காய்கள்

முருகன் மலையடிவாரத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரே காலி மனையில் முதலில் குப்பைதான் விளைந்தது. அதை அள்ளிவிட்டுக் காய் போடலாம் என்று ஆரம்பித்தவள் துர்கா. ஜாக்கெட் தைப்பவள். துணியை வெட்டுவது போலவே ஆட்களையும் வாயால் வெட்டுவாள். மனைக்காரர் சடகோபன் சென்னையில் இருந்தார். அவரிடம் போனில் பேசிச் சம்மதம் வாங்கினாள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் வெளியே இழுத்து மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். சட்டமும் அவள் போட்டதுதான்: யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், அன்றைய குழம்புக்கு மட்டும்.

நான் அங்கே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒற்றை ஆளுக்கு இரண்டு கத்தரிக்காய் போதும். பறிக்கப் போனால் நாலு பேர் நம்மிடம் பேசுவார்கள். எனக்கு அதுதான் பெரிய காய்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை சடகோபனிடமிருந்து போன் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும், வண்டி நிறுத்த மனையைக் கேட்கிறார்கள், செம்மண் கொட்டிச் சமப்படுத்திவிடுவார்கள் என்றார்.

"ஐயா, பன்னண்டு வூடு இதுல துன்னுதுங்க" என்றாள் துர்கா.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். அந்தத் தோட்டத்துக் காயில ஒரு வேளை சோறு போடு. அப்புறம் பாக்கலாம்."

"அவ்ளோதானே, வாங்க."

கல்யாணத் தையலில் முங்கியிருந்தவள் பத்து நாளாகத் தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூடையோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். காய்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துணி முடிச்சும் இருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் வீராசாமி. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தெருவுக்கே நைனா. ஒரு பரங்கிக்காய் தன் கண்ணெதிரே பருத்துக்கொண்டே போவதைப் பார்த்தார். அது வேறு யார் குழம்பிலாவது போய் விழுந்துவிடும் என்ற பயத்தில், மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாயை முடிந்து காம்பில் கட்டினார். முருகனுக்கு நேர்ந்துவிட்டாராம். தலைக்கு மேலே மலை, மலை மேலே அவர். இந்த ஊரில் அதை யார் தொடுவார்கள்? மறுநாள் எதிர்வீட்டு வசந்தி கத்தரிச் செடியில் கட்டினாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாள். பரீட்சை முடிந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. அப்புறம் வெண்டை, பீர்க்கை. கடைசியில் கீரைப் பாத்திக்குக்கூட ஒரு முடிச்சு. என்னுடையதும் ஒன்று இருந்தது, ஒரு புடலங்காயில். எல்லோரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். எனக்குப் புடலங்காய் பிடிக்கவே பிடிக்காது.

"இன்னாது இது, தோட்டத்துக்கே காமாலை வந்தாப்ல? நைனா, பரங்கியை அவுறுங்க" என்றாள் துர்கா.

"சாமிக்கு முடிஞ்சதையா? கண்ணு போயிடும்மா" என்றார் வீராசாமி.

"இப்பவே பாதிதானே தெரியுது உங்களுக்கு?"

"மலைக்கு எடுத்துகினு போயித்தான்க்கா அவுக்கணும்" என்றாள் வசந்தி.

துர்காவின் அக்கா புருஷன் கந்தன் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான். "நான் ரெடி. எல்லாத்தையும் மேல குடுத்துட்டு வந்துடலாம். நாளைக்கு அந்தாளுக்கு மோர்சோறு போடு."

"நீ வாயை மூடு பாவா."

"மார்க்கெட்ல வாங்கிக்கலாமேக்கா. அவருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றாள் வசந்தி.

"அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மார்க்கெட் காய் துன்றதுக்குத் தோட்டம் எதுக்கு? வண்டியே நிக்கட்டும்."

வரப்பில் உட்கார்ந்தாள். நாளெல்லாம் மெஷினில் குனிந்திருப்பவளுக்கு முதுகை நிமிர்த்த இருந்த ஒரே இடம் அதுதான். என் முடிச்சை நானாவது அவிழ்த்திருக்கலாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று சும்மா நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கந்தன் ஸ்டேஷனிலிருந்து சடகோபனை ஏற்றி வந்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய நாமம், கையில் குடை. வேர்த்துக் கொட்டியபடி தோட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

"ரொம்ப பசிக்குதும்மா" என்றார்.

துர்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வீராசாமி பக்கம் திரும்பினாள்.

"நைனா, நம்ம முருகன் வள்ளிகிட்ட எப்படி வந்தாரு?"

"கெழவன் வேஷத்துல."

"மலைக்கு வான்னு அவளைக் கூப்ட்டாரா?"

"இல்ல, தினைப்புனத்துக்கு இவரே போனாரு."

"போயி இன்னா கேட்டாரு?"

வீராசாமி சடகோபனைத் திரும்பிப் பார்த்தார். "பசிக்குதுன்னாரு."

"அப்புறம் இன்னா? அவுறுங்க."

"நாமம் போட்டுகினு இருக்காரேம்மா!"

"அப்ப மாமன் பெருமாள்னு வெச்சிக்குங்க. மாமனுக்குப் போட்டா மருமவன் கோச்சிக்குவானா?"

"என்னைப் பத்தியா பேசறீங்க?" என்றார் சடகோபன்.

"ஆங், கொஞ்ச நேரம் சாமியா இருங்க. அதுக்குள்ள சமைச்சுடறேன்."

"சாமின்னா நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம உக்காரணும்."

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து அதைத்தான் செய்யறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

கட்டியவர்களே அவிழ்க்க வேண்டும் என்று துர்கா சொல்லிவிட்டாள். காசு மலை உண்டியலுக்கு, காய் அடுப்புக்கு. ஒவ்வொருவராகப் போய், அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் அவிழ்த்தோம். வீராசாமி பரங்கிக்காய்க்கு மட்டும் ஆறு முடிச்சு போட்டிருந்தார். கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்.

மனையிலேயே மூன்று கல் வைத்துச் சமையல். கத்தரிக்காய்க் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், பரங்கிக் கூட்டு. புடலங்காயை என் இலையில் மட்டும் ரெண்டு கரண்டி அதிகமாகப் போட்டாள். சாப்பிட்டேன். அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஊரை விட்டு வந்த பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

சடகோபன் மூன்று முறை சோறு வாங்கினார். "பரங்கி முத்திப்போச்சு. பத்து நாளைக்கு முன்னாடியே அறுத்திருக்கணும்" என்றார். வீராசாமி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது துர்கா கேட்டாள். "ஐயா, அந்த வண்டிங்க…"

"வேற எங்கயாவது நிக்கட்டும்." குழாயடி மூலையைக் காட்டினார். "ஆனா அந்தப் பாத்தி என்னோடது. நானே வந்து போடுவேன்."

"சென்னையிலேர்ந்தா? வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல யாரும்மா இருக்காங்க?" என்று துண்டில் கை துடைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். வெண்டையை நெருக்கி நட்டதற்காக வசந்தியைத் திட்டினார். தண்ணீர் ஊற்றும் விதம் சரியில்லை என்று வீராசாமியோடு சண்டை போட்டார். கந்தனின் ஆட்டோவில் எரு மூட்டை ஏற்றினார். மூன்றாவது ஞாயிறு, குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பாத்தி பாத்தியாக வருவதைப் பார்த்து துர்கா என்னிடம் முணுமுணுத்தாள்.

"வண்டியே நிக்கட்டும்னு வுட்டிருக்கலாம் போலகீதே."

"துர்கா! இந்தக் கத்தரியைப் புடுங்கி வேற எடத்துல வெக்கணும்!" என்று அங்கிருந்து சடகோபன் கத்தினார்.

"யோவ், தொடாதீங்க! வரேன் இருங்க!" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.