ஒரு மூடி விஸ்கி

பீரோவைத் திறந்ததும் கல்யாண வீட்டு மணம் வந்தது. வெல்லப்பாகு, கிராம்பு, புதிதாக இழைத்த மரம். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் அது எதன் மணம் என்று உறைத்தது. கீழ்த்தட்டில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே ஒரு வருஷமாகப் படுக்கவைத்திருந்த பாட்டிலை எடுத்தேன். கையில் கனமே இல்லை. தக்கை, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி நொய்ந்து, பாதி பாட்டிலுக்குள் உதிர்ந்து கிடந்தது. என் கல்யாணப் பட்டு அரைப் பாட்டில் விஸ்கியைக் குடித்துவிட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிவபாண்டிக்கு முதல் வருஷத் திதி. மத்தியானம் படையல். அதில் வைப்பதற்காகத்தான் அந்த மிச்சத்தைப் பத்திரப்படுத்தி இருந்தேன்.

"நிக்கவச்சே வையி பூரணம். ஒயின்தான் படுத்துக் கெடக்கும். இது வீரியமான சரக்கு, படுக்கப்போட்டா தக்கையத் தின்னுரும்" என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. ஆனால் துக்கம் கேட்க வருகிற ஜனத்தின் கண்ணில் விஸ்கி பாட்டில் படலாமா? மறைக்க வேண்டிய எதையும் நான் சேலைக்கு நடுவேதான் வைப்பேன். சேலைக்கு நடுவே எதுவும் நிற்காது, படுக்கத்தான் செய்யும்.

அந்தப் பாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. எட்வின் அண்ணாச்சி இவரோடு பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். இவர் ஃபிட்டர். அண்ணாச்சியின் மகள் ஷெரின் அமெரிக்காவில், கெண்டக்கியில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் அப்பாவுக்கென்று வாங்கிவந்த பாட்டிலை, சர்க்கரை ஏறிப்போன அண்ணாச்சி இவரிடம் தள்ளிவிட்டார். லேபிளை நான்தான் படித்துச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு எழுத்து என்றிருந்தால் படித்துவிட வேண்டும். சோளத்தில் காய்ச்சிய பர்பன் விஸ்கி. உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் பன்னிரண்டு வருஷம் கிடந்தது. தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்தபடியே அடைத்தது. அறுபத்து நாலு சதவீதம் ஆல்கஹால்.

"யாத்தே! நம்ம கடைச் சரக்கே நாப்பத்திரெண்டுதானட்டி" என்றார் இவர். மில்லில் புது மிஷின் வந்திறங்கினால் அப்படித்தான் முகம் மலரும்.

ஆனால் கொரோனாவில் இவருக்கு மூக்கு போயிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பிவந்தது இவருக்கு வரவே இல்லை. மீன்குழம்புக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் சோற்றைக் கடமைக்குத் தின்றுகொண்டிருந்த மனுஷனிடம், மணத்துக்காகவே பன்னிரண்டு வருஷம் காத்திருந்த விஸ்கி வந்து சேர்ந்தது.

இவர் சோர்ந்துபோகவில்லை. வேலையைப் பங்கு பிரித்தார். குடிப்பது அவர், முகர்வது நான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் விளக்கேற்றியபின் இருமல் மருந்து மூடியால் ஒரு மூடி அளந்து, சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவார். இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். "தண்ணி பட்டதும் அது கண்ணத் தொறக்கும்" என்பார். பிறகு தம்ளரை என் பக்கம் நகர்த்துவார்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன மணக்கு?"

"வெல்லம்."

"என்ன வெல்லம்? மண்டவெல்லமா, கருப்பட்டியா?"

"கருப்பட்டி. அடிப்பிடிச்ச கருப்பட்டி."

அப்போதுதான் ஒரு மிடறு வாயில் விட்டு, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, விழுங்குவார். "ம்… ஆமா. வருது."

"மூக்கே இல்லாத மனுஷனுக்கு எங்கிட்டு இருந்து வருது?"

"நீ சொன்னா வரும்."

முதல் மாதம் எனக்கு வெல்லமும் சாராயமும்தான் தெரிந்தது. போகப்போக மூக்கு பழகியது. ஆரஞ்சுத் தோல், பால்கோவாச் சட்டியின் அடிச்சுரண்டல், மழையில் நனைந்த மரக்கடை, பைண்டிங் பிரிந்த பழைய புத்தகம். ஒரு வாரம் சொன்னதை மறுவாரம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "லைப்ரேரியில அம்புட்டுப் புஸ்தகம் படிச்சியே, புதுசா ஒரு வார்த்தை வராதா?" என்று சீண்டுவார். ஒன்பது மாதத்தில் பாதிப் பாட்டில் தீர்ந்தது. நான் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அழுது முடித்தபின் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சனிக்கிழமைகளில் அவருக்கு உண்மையிலேயே ஏதாவது வந்ததா? இல்லை, ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்று நடித்தாரா? அவரிடம் கேட்க முடியாது. பாட்டிலிடம் கேட்கலாம் என்றிருந்தேன்.

இப்போது பாட்டிலும் போய்ச் சேருகிற நிலையில் இருந்தது. எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் பேண்டேஜ் துணி இருக்கும். நாலு மடிப்பாக மடித்து, தக்கைத் தூளை வடிகட்டினேன். மூடியால் அளந்தேன். ஐந்து மூடி தேறியது. முகர்ந்து பார்த்தேன். மணம் கொஞ்சம் இளைத்திருந்தது, ஆனால் ஆள் அதே ஆள்தான்.

பதினோரு மணிக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து கொழுந்தனார் கண்ணுச்சாமி வந்தார். கையில் ஒரு கூடைத் தேங்காய், இரண்டு பாட்டில் சோடா.

"சோடா யாருக்கு தம்பி?"

"அமெரிக்கா சரக்குன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரே மதினி. ராவா அடிச்சா கொடலு என்னத்துக்கு ஆகும்?"

பின்னாலேயே எட்வின் அண்ணாச்சியும் வந்துவிட்டார். கறிக்குழம்பு, ஈரல் வறுவல், முட்டை, இவருக்குப் பிடித்த காராச்சேவு எல்லாம் இலையில் வைத்தேன். போட்டோவுக்கு முன்னால் கண்ணாடித் தம்ளரில் ஒரு மூடி ஊற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சூடம் காட்டினோம். ஒரு காகம் வந்து ஈரலை மட்டும் எடுத்துப்போனது.

படையலில் வைத்ததைக் கீழே கொட்டக் கூடாது, திரும்ப ஊற்றவும் கூடாது. வீட்டு ஆள்தான் சாப்பிட வேண்டும். கண்ணுச்சாமி வேட்டியை இறக்கிவிட்டு, பயபக்தியோடு தம்ளரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அது எனக்கு" என்றேன்.

கை அந்தரத்தில் நின்றது. "மதினி, அது பாயாசம் இல்ல."

"தெரியும். இந்த வீட்டு ஆளு இப்ப நான் ஒருத்திதான்."

"ஊரு என்ன பேசும்? அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க!"

எட்வின் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் வேதக்காரன்ப்பா. ஒங்க படையல் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா தங்கச்சி சொல்லுறது நியாயமாத்தான் படுது."

கண்ணுச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சமிருந்ததில் இரண்டு மூடியை வேறொரு தம்ளரில் சரித்தார். முகர்ந்தார். "ப்பூ, மிட்டாய்க் கடையால்ல இருக்கு! இதுக்கா இம்புட்டுப் பேச்சு?" சோடாவைத் திறக்காமலே, தலையை அண்ணாந்து ஒரே கவிழ்ப்பு.

சத்தமே வரவில்லை. கண் இரண்டும் சிவந்து, வாயைத் திறந்து திறந்து மூடினார். அண்ணாச்சி முதுகைத் தட்ட, நான் சோற்றை உருட்டி ஊட்ட, ஐந்து நிமிஷம் கழித்து முதல் வார்த்தை வெளிவந்தது. "எங்கண்ணன் மனுஷனே இல்ல மதினி."

நான் தம்ளரை எடுத்தேன். முதலில் ஒரு மிடறு, சும்மா. நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் அனல், அதற்குப் பின்னால் நான் இத்தனை நாளாகச் சொல்லிவந்த சாமான்கள் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கண்ணில் நீர் வந்தது. நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் இது மூக்குள்ளவள் குடித்த விஸ்கி. அவர் குடித்தது இதுவல்ல.

இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மிடறு.

தீ. வெறும் தீ. கருப்பட்டி இல்லை, மரம் இல்லை, ஒன்றும் இல்லை. தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு ஒரு சூடு இறங்கிப் போனது. அவ்வளவுதானா? வாரா வாரம் இதைத்தான் கண்மூடி ரசித்தாரா? எனக்குள்ளே "கருப்பட்டி" என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. நாமே சொல்லிக்கொண்டால் வராது போல.

வாயில் இன்னும் பாதி இருந்தது. மெல்ல விழுங்கிவிட்டு, மூக்கை விடாமல் கொழுந்தனாரைப் பார்த்தேன். "தம்பி, ஏதாச்சும் ஒரு வாடை சொல்லுங்க."

"என்ன வாடை?"

"எதுன்னாலும். சீக்கிரம்!" தம்ளரில் இருந்த மீதியை வாயில் ஊற்றிக்கொண்டேன்.

அவர் திருதிருவென்று முழித்தார். "மாட்டுக்கொட்டாய்" என்றார்.

வந்தது. சுந்தரபாண்டியத்து மாமனார் வீட்டுக் கொட்டகை, வெயிலில் காய்ந்த வைக்கோல், பருத்திக்கொட்டை ஊறிய தொட்டி, கன்றுக்குட்டியின் நெற்றி. கல்யாணமான புதிதில் இவர் என்னை முதன்முதலில் கூட்டிப்போய்க் காட்டிய இடம். மூக்கைப் பிடித்தபடியே நான் சிரித்த சிரிப்பில் விஸ்கி புரையேறிவிட்டது.

"என்ன தங்கச்சி, என்ன தெரியுது?" என்று அண்ணாச்சி பதறினார்.

"நீங்களே பாருங்க. மூக்கப் பிடிச்சுக்கிட்டு."

மிச்சம் இரண்டு மூடி. அண்ணாச்சி, "சர்க்கரைக்கு இந்த ஒரு மூடி ஒண்ணும் செய்யாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்கைப் பிடித்தார். கண்ணுச்சாமி இந்தமுறை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்தார். நானும் வெறும் தம்ளரோடு பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு அறுபதைத் தாண்டிய மூன்று பேர், போட்டோவுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"சொல்லுங்க மதினி" என்றார் கண்ணுச்சாமி, மூக்கடைத்த குரலில்.

நான் வாயைத் திறக்கவும் வாசலில் கேட் கிறீச்சிட்டது. தோளில் சிலிண்டரோடு கேஸ் போடுகிற மாரிசாமி. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றான். கழுத்துத் துண்டை அவசரமாக மூக்கில் அழுத்திக்கொண்டு, "அக்கா, லீக்காகுதா?" என்று கத்தினான்.

மூன்று பேரும் மூக்கை விட்டுவிட்டுச் சிரித்தோம். கண்ணுச்சாமி தரையில் சாய்ந்தே விட்டார். மாரிசாமி சிலிண்டரைத் தொம்மென்று படியோரம் இறக்கினான். மூக்கிலிருந்து துண்டைக் கொஞ்சமாக விலக்கினான். பிறகு இன்னும் கொஞ்சம். முகத்தைத் தூக்கி, நிதானமாக ஒருதரம் மூச்சை இழுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தான்.