ஈரப் பஞ்சு

கை முந்திக்கொண்டது. எல்லாக் கேட்டுக்கும் அதுதான் ஆரம்பம்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி, "இல்லைங்க சார், போயிடுச்சு" என்று சொன்னபோது ஆரோக்கியநாதன் அழவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். மகளின் தலைக்கடியில் இன்னொரு தலையணை வைத்து உயர்த்தினார். அலமாரியிலிருந்து பஞ்சை எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் இரண்டின் மேலும் பதமாக வைத்தார். வைத்து முடித்த பிறகுதான் படுத்திருப்பது ரெனிட்டா என்பதே அவருக்கு உறைத்தது.

பத்தொன்பது வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை என்று சொல்லி, கைக்குழந்தையாக இருந்தபோதே பெங்களூரில் ஆபரேஷன் செய்த பெண். இனிப் பயமில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் பல் தேய்க்கப் போனவள் வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்தாள். என்னத்தைச் சொல்ல!

ஆரோக்கியநாதனுக்கு மூக்கண்டப்பள்ளியில் அட்டைப்பெட்டி செய்யும் சின்ன யூனிட் ஒன்று உண்டு. ஆனால் ஓசூரில் அவரைப் பெட்டிக்காரராக யாருக்கும் தெரியாது, கண்தானக்காரராகத்தான் தெரியும். எல்லைச்சுடர் சேவைச் சங்கத்தில் அந்தப் பொறுப்பு அவருடையது. எங்கே சாவு விழுந்தாலும், சூளகிரியோ மத்தூரோ, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். துக்க வீட்டில் உட்காரச் சொல்லும்வரை உட்காரமாட்டார். குரலை இறக்கி, "உங்க பிள்ளை எங்கயும் போகலைங்க" என்று தொடங்குவார். அந்தக் குரலுக்கு மசியாத வீடு குறைவு.

சங்கத்தில் கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து மூன்று வரி உறுதிமொழி சொல்வார்கள். உதவி கேட்டு வருபவரைக் காக்கவைக்க மாட்டோம். பெயருக்காக எதையும் செய்ய மாட்டோம். பிறரிடம் கேட்பதை நம் வீட்டிலிருந்தும் கொடுப்போம். இந்த மூன்றாவது வரி ஆரோக்கியநாதன் சேர்த்தது. ஊத்தங்கரையில் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவன், "உங்க வூட்டுல யாரு கண்ணை இதுவரைக்கும் குடுத்திருக்கீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டான். ஊர் திரும்பியவர் அடுத்த கூட்டத்திலேயே அதைச் சேர்க்கச் சொன்னார். அரங்கமே கைதட்டியது. கைதட்டுவதற்கு என்ன, காசா பணமா!

பக்கத்து வீட்டுப் பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவர அவர் மனைவி மேரிராணி அறைக்குள் வந்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் கண்மேல் இருந்த பஞ்சைப் பார்த்தாள். எடுக்கப்போகும் கண் காயாமல் இருக்க வைப்பது அது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது என்னங்க?"

அவர் கையிலிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

"அழுகை வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பஞ்சு வந்துடுச்சா?"

பஞ்சை எடுத்துத் தரையில் வீசினாள். ஈர இமைகளை முந்தானையால் ஒற்றினாள். போய் மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டு வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

ஆரோக்கியநாதன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் எதையும் கேட்கப் போகவில்லை. பெற்றவள் கிடந்து துடிக்கிறாளே, ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வோம் என்றுதான் போனார். ஆனால் வாயைத் திறந்தால் வந்தது என்ன?

"பாப்பா எங்கயும் போகல மேரி. நம்மகூடத்தான்..."

அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. பாதியில் நிறுத்தினார். மேரிராணி நிறுத்தவில்லை. அவரைப் போலவே குரலை இறக்கி மிச்சத்தைச் சொன்னாள்.

"'நம்மகூடத்தான் இருக்கா. ரெண்டு பேரு பார்வையில உசுரோட இருப்பா. நீங்க மனசு வெச்சாப் போதும்.' அதானே அடுத்தது? கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பீங்களே, நான் அடுப்படியில கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மாதா சத்தியமா நான் கேக்க வரல, மேரி."

"அப்ப வேற ஏதாச்சும் சொல்லுங்க."

தேடினார். மனுஷன் நிஜமாகவே தேடினார். ஊரெல்லாம் போய்ச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த நாலு வாக்கியத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. சொந்தப் பெண்டாட்டிக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் எழுந்து வெளியே போனார்.

வாசலில் சங்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். சட்டையில் குத்தும் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், அந்த மட்டும் நாகரிகம் தெரிந்தவர்கள். பாகலூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வெங்கடசாமி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"தேவுடா, என்ன நாதண்ணா இது! எனக்கு வாயே வரல. ஆனா கேக்காமப் போனா நாளைக்கு நீங்களே என்னைத் திட்டுவீங்க. கண் வங்கி வண்டி கிருஷ்ணகிரியில ரெடியா நிக்குது. ஆறு மணி நேரம்தான்னு நீங்கதானே சொல்வீங்க?"

"மேரிக்கு மனசில்லடா."

"அப்பா கையெழுத்து ஒண்ணு போதும்ணா."

"வீட்டுல ஒருத்தர் வேணாம்னாலும் தொடக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

ஆரோக்கியநாதன் அவன் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். பிறகு வெங்கடசாமி தயங்கித் தயங்கி, "அப்ப அந்த மூணாவது வரிண்ணா?" என்றான். குத்திக்காட்ட இல்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டான். அதுதான் ஆரோக்கியநாதனுக்கு நெஞ்சில் ஏறி மிதித்தது போல இருந்தது.

திரும்ப உள்ளே போனார். பங்குக் கோயிலிலிருந்து வந்த பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மேரிராணிக்கு எதிரே மண்டியிட்டார்.

"மேரி, அப்பக் கேக்கல. இப்பக் கேக்கறேன். அப்பனாக் கேக்கறேன். குடுத்துடலாம்."

"அப்பனாவா?" என்றாள். "அப்பன்னா மொதல்ல பொண்ணு மூஞ்சியைப் பாத்திருப்பான். நீங்க கண்ணை மட்டும் பாத்தீங்க."

ஜெபம் சொன்னவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். ஆரோக்கியநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பார்க்கக்கூடாது என்று நினைத்தும் அவர் பார்வை எதிர்ச் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் மேரிராணி அதைக் கண்டுகொண்டாள்.

"எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி."

தலையை ஆட்டிவிட்டுக் கட்டிலை ஒட்டி நகர்ந்து, மகளுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ காபி நீட்டினார்கள், தொடவில்லை. மகளின் கையை விடவில்லை. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும் அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

மணி ஒன்றைத் தாண்டியது. வாசலில் வெங்கடசாமி வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி போனில் பேசுவது கேட்டது.

"நேரம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இனிமே அவ கண்ணு யாருக்கும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

மேரிராணி அப்போதுதான் மகளின் கையை விட்டாள். தவழ்ந்து அவரிடம் வந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுது வீங்கிய ஒரு தாயின் முகம் மட்டும் இருந்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இனி உங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களும் யாருகிட்டயும் கேக்க வேணாம். இனி நீங்க அவளுக்கு அப்பா மட்டுந்தான். இப்ப அழுங்க."

அழுதார். அடிவயிற்றிலிருந்து வந்தது அழுகை. ஜெபமாலை நின்றுபோனது, வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேரிராணி அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுங்க, நல்லா அழுங்க, நம்ம பாப்பாவுக்காக அழுங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடப்பாவி மனுஷா! அவர் அழுதது ரெனிட்டாவுக்காக இல்லை. பழுதில்லாத கண் இரண்டு சாயங்காலம் மண்ணுக்குள் போகப்போகிறதே என்று அழுதார். எங்கேயோ இரண்டு பேருக்கு இன்றைக்கு வந்திருக்க வேண்டிய போன் வராதே என்று அழுதார். அந்த அழுகைக்குள் மகளைத் தேடினார். அவள் சிரிப்பை, சண்டையை, "ப்பா" என்று இழுத்துக் கூப்பிடுவதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எதற்கும் கண்ணீர் வரவில்லை. கண்களை நினைத்தபோது மட்டும் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார், அவள் அவர் முகத்தை இன்னும் இறுக்கித் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

மேரிராணி அவர் தலைக்கு மேலாகச் சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"அழுதுட்டாரு, பாருங்க" என்றாள். "அவரு அழுதுட்டாரு."