தார் பூசிய மூன்று நாள்

எங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் மூன்று நாள் விடுமுறை. அந்த மூன்று நாளும் யாரும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. மூன்று பக்கம் ஆறு, நாலாவது பக்கம் சேறும் நாணலும். போக வர இருப்பது ஒரே ஒரு பாலம். அதன் இரும்புக் கதவை முந்தின நாள் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். மீறித் தாண்டினால் அந்த வருஷத்துக்குள் தாண்டினவர் வீட்டில் ஓர் உயிர் போகும். ஆதிகாலத்து வழக்கம் என்று பாலத்தடியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆதிகாலமாவது, மண்ணாங்கட்டியாவது! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டீ ஆறுவதற்குள் நான் எழுதியது அது.

நகராட்சி அலுவலகத்தில் பழைய கோப்புகள் அறை என் பொறுப்பு. திறக்கவே திறக்காத ஒரு ஜன்னல், ஏழு இரும்பு அலமாரி, தும்மல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய தலைவர் வந்து, ஊர் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் வேண்டும், விடுமுறை எப்படி வந்தது என்பதும் அதில் வரவேண்டும் என்றார். பதினோரு நாள் தூசியில் புரண்டு கண்டுபிடித்தேன். ஒரே ஒரு தாள்தான். பாலத்துப் பலகைகளுக்குத் தார் பூச வேண்டும், காய மூன்று நாள் ஆகும், மில்லுக்குச் சாமான் வர முடியாது, அதனால் மில் மூடப்படும். அவ்வளவுதான். அடுத்த வருஷமும் பூசினார்கள், அதற்கடுத்த வருஷமும். பலகை போய் சிமெண்ட் வந்த பிறகும் விடுமுறையை விட யாருக்கும் மனசு வரவில்லை.

தலைவர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "தார் பூசினதையாம்மா பெருமையா போட்டுக்கறது? நாலு பேர் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதும்மா."

எழுதினேன். பெரு வெள்ளம் வந்ததாம். ஊரைவிட்டு ஓடினவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்களாம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்தவர்கள் பிழைத்தார்களாம். படிப்பவர்களுக்குக் கொஞ்சம் நடுக்கம் இருக்கட்டும் என்று, தாண்டினால் உயிர்ப்பலி என்றும் ஒரு வரி சேர்த்தேன். பழைய கோப்பில் கண்டது என்று அடியில் போட்டதுதான் கொழுப்பு.

பள்ளிக்கூடத்தில் அது பாடமானது, பிறகு நாடகமானது. முடிதிருத்துபவர் ஒருவர் ஒரு வருஷம் திருட்டுத்தனமாகத் தாண்டிப் போனார். அந்தக் குளிரில் அவர் அப்பா இறந்தார். அப்பாவுக்கு எண்பத்தேழு வயசு! இவர் தாண்டாமல் இருந்திருந்தால் மட்டும் நூறு போட்டிருப்பாரா? ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? அடுத்த வருஷமே இரும்புக் கதவு வந்துவிட்டது. "கண்டுபிடிச்சவங்க கையாலயே பூட்டட்டும்" என்று சாவியை என்னிடம் நீட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் நான்தான் பூட்டுகிறேன்.

இந்த வருஷமும் பூட்டி, வழக்கப்படி சாவியைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை, விடுமுறையின் முதல் நாள், என் மகளின் போனுக்குச் செய்தி வந்தது. அக்கரையில் நில அளவை அலுவலகத்தில் வேலை. இரண்டு வருஷமாகக் காத்திருந்த வேலை. நாளை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு. இரண்டு நாள் தவணை கேட்டுப் போன் போட்டாள். "உங்க ஊர்க் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா?" என்று வைத்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, இவள் என்ன பாவம் செய்தாள்? அவளையும் அவள் அப்பாவையும் உட்காரவைத்து, தார் பூசிய தாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். போன வருஷம் இதயத்தில் அடைப்பு எடுத்த மனிதர். சிரித்தால் எனக்குப் பயம். "அடிப்பாவி, இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருக்கேன், என்கிட்டகூட மூச்சு விடலையே!"

தாளை எடுத்துக்கொண்டு இப்போதைய தலைவரிடம் ஓடினேன். சைக்கிள் கடைக்காரர், பள்ளி நாடகத்தில் வெள்ளத்தில் போகிறவனாக நடித்தவர். தாளைப் படித்தார், திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது தார் கணக்கு. வெள்ளம் வேற, தார் வேற. எங்க தாத்தா வெள்ளத்தைக் கண்ணால பார்த்தவரு."

"தம்பி, உங்க தாத்தா மில்லு வேலைக்கு ஊர் விட்டு ஊர் வந்தவரு. வெள்ளமே நான் எழுதினதுப்பா!"

"உங்களுக்குத் தெரியாம உங்க கை எழுதியிருக்குக்கா. இல்லாதது எப்படி மனசுல வரும்?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் அவர் கடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார். "திறக்கிறதுன்னா நீங்களே திறந்துக்கங்க. என் கை படாது. பழி என் மேல வேண்டாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் நாங்கள் மூன்று பேர். மகள் தோளில் பை. அவள் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார். பூட்டைத் திறந்தேன். கதவு கிரீச்சென்று விலகியது. அந்தப் பக்கம் பாலம் காலியாகக் கிடந்தது, பழுத்த இலைகள் கூட்டாமல். அக்கரையில் பேருந்து நிற்பது தெரிந்தது.

"போடி. நேரமாகுது."

அவள் அசையவில்லை.

"நான் எழுதினதுடி அது. என் கையால எழுதின பொய்."

"தெரியும்மா. நம்பறேன். கால்தான் வரமாட்டேங்குது. அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?" உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ முதல்ல தாண்டும்மா. நீ தாண்டிட்டா நான் பின்னாடியே ஓடி வந்துடறேன். சத்தியமா."

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்கா இந்தப் பாடு? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவுக்குப் போனேன். கீழே இரும்புச் சட்டம் ஒரு கோடாக ஓடுகிறது. ஒரு காலைத் தூக்கினேன்.

பின்னால் என் வீட்டுக்காரர் இருமினார்.

திரும்பிப் பார்த்தேன். கை நெஞ்சின் மேல் இருந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். குளிரில் எப்போதும் அங்கேதான் கையை வைத்துக்கொள்வார். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். எந்தப் பேனாவில் எழுதினேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அடைப்பு வந்த வருஷம் விடுமுறையில் எங்கள் வீட்டில் யாரும் பாலத்தைத் தாண்டவில்லை என்பதும் தெரியும்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ" என்றார் அவர். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

தூக்கிய கால் தூக்கியபடியே வலித்தது. பிறகு தரையில் வைத்தேன், இந்தப் பக்கம்தான். மகள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினாள். அக்கரையில் பேருந்து கிளம்பியது.

"சரி விடும்மா, வீட்டுக்குப் போலாம்" என்று அப்பாவுக்குக் கை கொடுத்து எழுப்பினாள்.

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். வழக்கம்போல நானே பூட்டினேன்.