யார் கொடுத்த பாஸ்வேர்டு

மேக்கப்புக்கு முன்னால் நான் எடுத்த மணப்பெண்ணின் படங்கள், அவள் மேடையேறும் முன்பே மண்டபத்தில் எல்லோர் போனிலும் இருந்தன. என் கேமராவிலிருந்து வைஃபையில் உதவிக்குக் கூட வந்த என் மச்சானின் லேப்டாப்புக்கு மட்டும் போக வேண்டியவை. எவனோ தன் போனை இணைத்து மொத்தத்தையும் அள்ளிவிட்டான்.

பெண்ணின் அண்ணன் வந்து என் கேமரா வாரைப் பிடித்து இழுத்தான். "எவன்யா பாஸ்வேர்ட வெளிய விட்டது?"

நான் மச்சானைக் காட்டினேன். "இவனத்தான் கேக்கணும். ஓட்டை வாய்டா உனக்கு. யார்கிட்ட சொன்ன?"

"நான் வாயே தொறக்கல மாமா. மாத்துங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கடை போன் நம்பரே இருக்கட்டும், மறக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"கடை நம்பர் இங்க எவனுக்குத் தெரியும்? பேச வந்துட்டான்."

அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். சீருடை என்று நானே அச்சடித்து வாங்கிய டி-ஷர்ட் அது. முதுகில் கடைப் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்த பத்து எண்களையும், ஒவ்வொன்றாக விரலால் குத்திக் குத்தி, மண்டபமே கேட்கும்படி படித்தான்.