பெட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி

அபா அத்தை பெட்டியைத் திறந்து, துண்டை உதறி எல்லோருக்கும் காட்டினாள். பிறகு சோப்பு, உடம்பு தேய்க்கும் நார், சீப்பு, கைக்குட்டை. செத்தவரோடு போக மனைவி கொடுக்கும் சாமானை அவருடைய தங்கைதான் இப்படி எடுத்துக் காட்டிச் சவப்பெட்டியில் வைக்க வேண்டும். முற்றத்தில் கறுப்பும் சிவப்புமான துக்க உடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்கள். கேப் கோஸ்ட் கடற்காற்றில் பந்தல் துணி மெல்ல ஏறி இறங்கியது. அப்பா உள்ளே தூங்குகிறார் என்றே எஃபுவாவுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"எல்லாம் கடைச் சரக்கு," என்றாள் அத்தை. "ஊரான் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி எப்படிக் கொஞ்சுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணத் தெரிஞ்சுது. எங்கண்ணனுக்குன்னு தேடி எடுக்க ஒண்ணும் கெடைக்கல."

அம்மா பல்கலைக்கழகத்தில் காதலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள்; அதற்காகத் தம்பதிகளைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்கிறவள். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. படகு எஞ்சின் பழுதுபார்த்த அப்பாவை அவள் நேசித்தாளா என்று எஃபுவாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். அத்தை மேல் வந்த கோபத்தைவிட, அவள் சொல்வது நிஜம்தானோ என்ற பயம்தான் இப்போது பெரிதாக இருந்தது.

பெட்டியின் அடியிலிருந்து அத்தை ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்.

"இதென்ன கூத்து! கடைசி வரைக்கும் ஊசியில நூல் கோத்தாரு எங்கண்ணன். அவருக்கு எதுக்கு இது?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"அது என்னோடது, அபா," என்றாள் அம்மா. "அடுத்தவங்க பேட்டியக் கேட்டுக்கிட்டே தூங்கிப் போயிருவேன். அவருதான் கழட்டி எங்கயாவது ஒளிச்சு வச்சிருவாரு. முழிச்சதும் கண்ணு தெரியாம தடவிக்கிட்டு அவருகிட்டதான் போகணும். 'இப்பவாவது என்கிட்ட வந்தியே'ம்பாரு."

அத்தை கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"வேற கண்ணாடி இருக்கா அண்ணி?"

"இல்ல. அவரே வச்சிருக்கட்டும்."

அத்தை அதை யாருக்கும் காட்டவில்லை. தன் கறுப்புத் துணியில் இரண்டு பக்கமும் துடைத்து, உள்ளங்கையில் பொத்தி உள்ளே எடுத்துப் போனாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய மதியம், அம்மா பந்தலடியில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எஃபுவா சத்தமில்லாமல் பக்கத்தில் போனாள். அப்பா குனிவதுபோலக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினாள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய தடம் மட்டும் இருந்தது.